கண்ணளவு பின்னால் வரட்டும்

விருப்பமே இல்லாமல், வேறு வழியும் இல்லாமல், நடுவயதில் சமையல் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எல்லாவற்றையும் அளந்து போடுங்கள். அரிசி, தண்ணீர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், அடுப்பில் இருக்கும் நேரம் என எதையும் கண்ணை நம்பி விடாதீர்கள். சமையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. “அளவாவது ஒண்ணாவது, எல்லாம் கண்ணளவுதான், போகப் போகக் கைக்கு வந்துடும்” என்பார்கள். புதிதாகச் சமைப்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளிலேயே அதிக நஷ்டம் உண்டாக்குவது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். பருப்பும் எண்ணெயும் வீணாவது சிறிய நஷ்டம். ‘நமக்கு இது வராது’ என்று ஒருவர் தன்னைப் பற்றியே தப்பாக முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய நஷ்டம். அதற்கு அவரைத் தள்ளிவிட்டது, அளவைச் சொல்லாமல் மழுப்பிய அறிவுரை.

இந்தத் தவறின் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். இன்று வைத்த சாம்பார் சரியில்லை. உப்பு கூடிவிட்டதா, புளி குறைந்துவிட்டதா, பருப்பு வேகவில்லையா, பொடி பழையதா? அளக்காமல் செய்தவருக்கு இதில் எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்த நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போடுவார். அது வேறொரு சாம்பாராக வரும்; அதன் குறைகளும் வேறாக இருக்கும். இப்படி மாதக்கணக்கில் செய்தாலும் ஒரே சாம்பாரைப் பலமுறை செய்த பழக்கம் அவரிடம் சேராது. அனுபவம் சேர வேண்டுமென்றால் செய்த காரியம் திரும்பவும் அதேபோல நடக்க வேண்டும். ஒன்று மட்டும் மாற வேண்டும். மாறியது எது என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமையலில் ஆசை உள்ளவருக்குத் தோல்வி பெரிய விஷயமில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றை முயன்று பார்ப்பார். வேண்டாவெறுப்பாக அடுப்படிக்கு வந்தவரிடம் அந்தப் பொறுமை கிடையாது. கெட்டுப்போகும் ஒவ்வொரு பாத்திரமும் அவரை ஓட்டல் பார்சலை நோக்கித் தள்ளும். ஆகவே அளவு என்பது ஆர்வமுள்ளவரைவிட ஆர்வமில்லாதவருக்குத்தான் அதிகம் தேவை.

சமையல் குறிப்புகள் இந்த இடத்தில் கைகொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலானவை கொடுப்பதில்லை. உப்பு தேவையான அளவு, பெருங்காயம் சிறிதளவு, புளி எலுமிச்சை அளவு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், மசாலாவைப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடவும், எண்ணெய் பிரிந்து வந்ததும் இறக்கவும். இவை எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதிய நினைவூட்டல்கள். பச்சை வாசனை எது என்று அறியாதவருக்கு அது போய்விட்டது எப்படித் தெரியும்? வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிற வரை அது சிவக்கத் தொடங்காது. நடுத்தரத் தீயில் 200 கிராம் வெங்காயம் ஒழுங்காகச் சிவக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இதை யாரும் எழுதுவதில்லை. காணொளிகளில் அந்தப் பதினைந்து நிமிடத்தை வெட்டிவிட்டு நான்கு நொடியில் பொன்னிறத்தைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தீயைக் கூட்டுகிறவருக்கு வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் வெங்காயம்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு எந்த மசாலா போட்டாலும் குழம்பு தேறாது.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சாம்பாருக்கோ ரசத்துக்கோ 8 முதல் 10 கிராம் உப்பு வேண்டும். 5 மில்லி அளவு ஸ்பூனில் தூள் உப்பைத் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 6 கிராம். அதையே குவித்து எடுத்தால் ஒன்றரை மடங்காகிவிடும். கல் உப்பானால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று இருப்பதால் அதே ஸ்பூனில் எடை மாறும். அதாவது ‘ஒன்றரை ஸ்பூன் உப்பு’ என்ற ஒரே குறிப்பை வைத்து ஒருவர் சப்பென்று ஒரு குழம்பும் இன்னொருவர் வாயில் வைக்க முடியாத குழம்பும் வைக்கலாம்; இருவருமே குறிப்பைச் சரியாகப் பின்பற்றியவர்கள்தான். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதும் வழிவழியாக வரும் யோசனை. கிழங்கு உறிஞ்சுவது சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரைத்தான். மீதியிருக்கும் குழம்பின் கரிப்பு அதனால் குறைந்துவிடாது. தண்ணீரும் வெந்த பருப்பும் சேர்த்து மொத்தத்தைக் கூட்டுவதுதான் வழி. மிளகாய்க்கும் இதே கதைதான். ‘நான்கு காய்ந்த மிளகாய்’ ஓர் அளவே அல்ல. ராமநாதபுரம் குண்டு மிளகாயும் குண்டூர் நீட்டு மிளகாயும் நிறத்துக்காக வாங்கும் காஷ்மீரி மிளகாயும் எடையிலும் காரத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

குக்கர் விசில் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நேரத்தை அளக்க இருக்கும் ஒரே கருவி அதுதான். அதுவும் நேரத்தை அளப்பதில்லை. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவை எட்டியதும் வெயிட் மேலெழுந்து ஆவியை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பருப்பு வேகத் தேவைப்படுவது அந்தச் சூட்டில் சில நிமிடங்கள். விசிலின் எண்ணிக்கைக்கும் அந்த நிமிடங்களுக்கும் நேரான உறவு கிடையாது. பெரிய பர்னரில் தீயைக் கூட்டி வைத்தால் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும், பருப்பு முழுசாக நிற்கும். சின்ன பர்னரில் வைத்தால் அதே மூன்று விசிலுக்குள் குழைந்துவிடும். குக்கர் வாங்கும்போது கூடவே வரும் புத்தகத்தில், அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுங்கள் என்றுதான் போட்டிருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பக்கத்து வீட்டில் எத்தனை விசில் என்று விசாரிக்கிறோம். நிமிடம் எண்ணி வைத்த பிறகும் பருப்பு வேகவில்லை என்றால் அப்போது வேறு காரணத்தைத் தேடலாம். பழைய பருப்பாக இருக்கும்; உப்புச்சத்து மிகுந்த போர் தண்ணீராக இருக்கும்; புளித்தண்ணீரை முன்னதாகவே சேர்த்திருப்பீர்கள், புளிப்பு பட்டால் பருப்பு இளகாது. நேரத்தை அளந்தவருக்குத்தான் இந்தத் தேடல் சாத்தியம். விசிலை எண்ணியவர் அடுத்த முறை இன்னும் இரண்டு விசில் கூட்டுவார், அவ்வளவுதான் அவரால் முடியும்.

“எங்கம்மா ஒரு நாளும் அளந்து போட்டதில்லை” என்பதுதான் முதலில் வரும் எதிர்ப்பு. அந்த அம்மாவின் சமையலறையைக் கவனித்துப் பாருங்கள். அரிசி டப்பாவுக்குள் ஓர் ஆழாக்கு கிடக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். சாம்பாருக்கு ஒரு பாத்திரம், ரசத்துக்கு ஓர் ஈயச்சொம்பு, புளி கரைக்க ஒரு கிண்ணம், உப்புக்கு ஒரு மரக்கரண்டி, எல்லாமே பல வருடமாக மாறாதவை. பாத்திரத்தில் எந்த மட்டம் வரை தண்ணீர் என்பது அவர் கண்ணில் பதிந்திருக்கிறது. அந்த மட்டம்தான் அளவு. அரிசிக்கு மேல் ஒரு விரற்கணு தண்ணீர் என்பதும் அப்படி ஒன்றுதான். அவருடைய பானையில், அவர் வாங்கும் அரிசிக்கு, அவர் விரலுக்கு அது பொருந்தும். வாய் அகலமான வேறொரு பாத்திரத்தில் அதே ஒரு கணு, தண்ணீரை இரண்டு மடங்காக்கிவிடலாம். சிறுவயது முதல் அதே அடுப்பங்கரையில் நின்று பார்த்தவருக்கு இந்த அளவுகள் சொல்லாமலே கைமாறின. வேறு ஊரில், வேறு பாத்திரத்தோடு, நாற்பது வயதில் தொடங்குகிறவருக்கு அவை எந்த வழியிலும் வந்து சேராது. தராசும் நோட்டும்தான் அவருக்கு அந்த இடத்தை நிரப்ப முடியும்.

அளந்து சமைப்பது வெளியூர் வழக்கம், நம் மரபில் இல்லாதது என்பவர்களும் உண்டு. இது நம் மரபை அறியாத பேச்சு. கோயில் திருவமுதுக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு, பருப்பு இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று சோழர் காலத்தில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். திருமலை லட்டுக்குப் பொருள் பொருளாக அளவு வகுத்த பட்டியல் இருக்கிறது, ‘திட்டம்’ என்றே அதற்குப் பெயர். கல்யாணச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் லிஸ்ட்டைப் பாருங்கள். எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டு துவரம்பருப்பைக் கிலோவிலும் பெருங்காயத்தைக் கிராமிலும் போடுவார். பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் விதிப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம்; அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாள் தவறாமல் சமைக்கிறார்கள் சத்துணவுக் கூடத்துப் பெண்கள். 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இத்தனை தலைமுறைக்குக் கைகொடுத்ததற்கும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இல்லாதவர்களுக்கும் புரியும்படி அளவோடும் வரிசையோடும் எழுதப்பட்டதே காரணம். ஆயிரம் பேருக்குச் சமைப்பவரும், பிழைத்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அளக்கிறார்கள். அளவு வேண்டாம் என்பது வீட்டுக்குள் மட்டும், அதுவும் புதிதாக வருபவரிடம் மட்டும் சொல்லப்படுகிறது.

சமையல் ஒரு கலை, தராசில் வைத்தால் ருசி செத்துவிடும் என்ற எதிர்ப்பை நான் மதிக்கிறேன். தேர்ந்த கையின் சமையலைச் சாப்பிட்டவர் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் சங்கீதமும் கலைதான். அங்கே முதல் நாளே யாரையும் ராக ஆலாபனை செய்யச் சொல்வதில்லை. சுருதியை வைத்துக்கொண்டு, கையால் தாளத்தை எண்ணிக்கொண்டு, சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாட வைக்கிறார்கள். மனோதர்மம் அதற்கெல்லாம் பிறகு, வருடங்கள் கழித்து வருகிறது. கண்ணளவும் அப்படித்தான். 7 கிராம் உப்பைப் பலமுறை நிறுத்துப் போட்டவர் கைக்குத்தான் 7 கிராம் எவ்வளவு என்று தெரியும். அதன் பிறகு தராசைத் தூக்கி மேலே வைத்துவிடலாம். அன்றாடச் சமையலுக்கு அது தேவைப்படாது. இனிப்பு செய்யும்போதும் பத்துப் பேர் சாப்பிட வரும்போதும் இறக்கிக்கொண்டால் போதும்.

பொருளே மாறிக்கொண்டிருக்கும்போது அளந்து என்ன பயன் என்று இன்னொரு கேள்வி வரும். புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாக வேண்டும், பழைய அரிசிக்கு அதிகம். புதுப்புளியும் பழம்புளியும் புளிப்பில் ஒன்றல்ல. இட்லி மாவு சென்னையின் மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஊட்டிக் குளிரில் அதற்கு இரண்டு மடங்கு நேரமும் போதாமல் போகலாம். எல்லாம் உண்மைதான், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். தண்ணீரும் நேரமும் தீயும் நேற்றுப்போலவே இருக்க, சோறு மட்டும் குழைந்துவிட்டது என்றால் மாறியது அரிசி மூட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிடும், மறுநாள் கால் டம்ளர் குறைத்தால் சரியாகிவிடும். எதையுமே அளக்காதவர் அரிசிக் கடைக்காரரையும் குக்கரையும் தன் ராசியையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருப்பீர்கள். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், வேலை முடிந்து வீடு சேர இரவு ஏழரை. அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மிக்ஸிக்கு முன்னால் அதை வாங்குங்கள். அளவு ஸ்பூன் ஒரு செட், ஒரு நோட்டு. காய் நறுக்குவது, கடுகு தாளிப்பது, தேங்காய் அரைப்பது எல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும், அவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். துவரம்பருப்பு 75 கிராம், அரை மணி நேரம் ஊறட்டும். அதைப்போல மூன்று மடங்கு தண்ணீர். அழுத்தம் வந்ததும் சிம்மில் 8 முதல் 10 நிமிடம். புளி 12 கிராம், சாம்பார்பொடி 10 கிராம், முடிவில் முக்கால் லிட்டர் வருகிற சாம்பாருக்கு உப்பு 7 கிராம். அதிலும் 5 கிராமை முதலில் போட்டுவிட்டு, மீதியை ருசி பார்த்துச் சேருங்கள். பொன்னிப் புழுங்கல் அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கில் தொடங்கலாம். இவை என் அடுப்புக்கும் என் நாக்குக்கும் சரியாக வந்த எண்கள். உங்களுக்கு மாறலாம்; மாறினால் நோட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்குச் சோறு, சாம்பார், ஒரு பொரியல் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். சலிப்பாக இருக்கும், வீட்டில் முணுமுணுப்பார்கள். வாரத்துக்கு ஏழு புது ஐட்டம் செய்து ஏழும் சுமாராக வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவு சொல்ல மறுப்பவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல வருடப் பழக்கத்தில் அந்த அளவு அவர்கள் கைக்குள் இறங்கிவிட்டது, கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் கைப்பக்குவம், கைமணம், கைராசி என்று அதைப் பிறவி வரமாக்கிப் பேசும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிலர் கை பட்டால்தான் இட்லி மாவு பொங்கும் என்கிறார்கள். உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அன்றைய வெப்பமும் செய்கிற வேலை அது. வரம் என்று சொல்லிவிட்டால் அதனால் இரண்டு பேருக்குக் கெடுதல். வரம் இல்லை என்று கருதப்பட்டவர் கற்கும் முயற்சியை விட்டுவிடுகிறார். வரம் பெற்றவராகக் கொண்டாடப்பட்டவர் அடுப்பை விட்டு நகர முடியாமல் போகிறது. காய்ச்சலில் படுத்தாலும் ‘உன் கை ரசம் மாதிரி வராது’ என்ற பாராட்டு அவரை எழுப்பிவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81 சதவீதத்துக்கு மேல், ஆண்களில் 26 சதவீதம்தான். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. ‘எனக்குச் சமைக்க வராது’ என்ற சாக்கு அவற்றில் ஒன்று. அளவு எழுதிய ஒரு தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் அந்தச் சாக்கைச் சொல்ல யாருக்கும் வாய்ப்பிருக்காது. கைப்பக்குவத்தின் பெருமை கொஞ்சம் குறையும்தான். குறையட்டும்.

சமையல் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகனோ மருமகளோ தனியாக வீடு எடுத்திருக்கும் தம்பியோ போனில் கூப்பிட்டு உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கேட்டால் “பாத்துப் போடு” என்று வைத்துவிடாதீர்கள். அன்று சமைக்கும்போது நீங்கள் கையில் எடுத்ததை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். எத்தனை கிராம் என்று அவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.